ஒட்டுப்பலகையைச் சிராய் எழும்பாமல் அறுப்பது எப்படி?

கவ்வாத்து மலையில் வேலை செய்த பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கத்தியை ஏன் இவ்வளவு தீட்டுறீங்க?" என்று. "மொட்டைக் கத்தி கிளையை வெட்டாது தம்பி, பிளந்து போட்டுரும். பிளந்த எடத்துல தண்ணி எறங்கும். அப்புறம் அழுகல் புடிச்சு செடியே போயிரும்" என்று பதில் வரும்.

பலகை அறுப்பதும் இதே கதைதான். சுத்தமாக அறுபட்ட ஓரம் பெயிண்டை வாங்கிக்கொண்டு பல வருடம் நிற்கும். கிழிந்த ஓரத்தில் ஈரம் இறங்கும். பலகை ஊதும், அடுக்கு அடுக்காகப் பிரியும். ஊவா மலைப் பக்கம் ஐப்பசியில் பிடிக்கிற மழை தை மாதம் வரைக்கும் விடாது என்பது நமக்குத் தெரியும்தானே. இங்கே கிழிந்த ஓரம் இரண்டு மழைக்காலம் தாங்காது.

இந்தப் பாடம் கையில் பிடித்து அறுக்கும் கரண்டு வட்டவாளைப் பற்றியது. கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போய்வந்த தம்பிமார் பலர் இந்த மெஷினைப் பிடிக்கப் பழகியிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்து வந்து வீட்டு வேலை செய்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு முழு ஒட்டுப்பலகையின் விலை எத்தனை நாள் பேர்க் காசு என்று கணக்குப் பாருங்கள். அதைக் கெடுத்தால் மறுபடி வாங்க முடியாது. விரலைக் கெடுத்தால் வாங்கவே முடியாது.

என் கை செய்த பிழை

நானே ஒரு தடவை கெடுத்திருக்கிறேன். மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து எழுதுகிறாளே, ஒரு மேசை செய்து கொடுப்போம் என்று பலகை வாங்கினேன். அளந்தேன், கோடு போட்டேன். நல்ல பக்கத்தை மேலே வைத்து, கோட்டின் மேல் வாளை ஓட்டினேன். கோடு பிசகவில்லை. ஆனால் ஓரம் முழுக்கச் சிராய் சிராயாக எழும்பி நின்றது. மகள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்றாள்.

பக்கத்து லயத்துப் பெரிய பாஸ் அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மிச்சப் பலகையைப் புரட்டிப் போட்டு, "இப்ப அறுங்க" என்றார். அறுத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தேன். கீழே இருந்த நல்ல பக்கம் கத்தியால் சீவியது போல இருந்தது. மெஷினும் அதே மெஷின், பிளேட்டும் அதே பிளேட்தான். அது ஏன் அப்படி என்பதே இந்தப் பாடத்தின் பாதி.

ஒட்டுப்பலகை நமக்குப் புதிதல்ல

தேயிலைப் பெட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். இன்று தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது. முன்பு எல்லாம் ஒட்டுப்பலகைப் பெட்டிதான். உள்ளே ஈயக் கடதாசி, ஓரங்களில் தகரப் பட்டி. ஸ்டோருக்கு முன்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். 1924ஆம் ஆண்டு பதுளைக்கு ரயில் வந்த பிறகு, இந்தப் பக்கத்துத் தேயிலை பெட்டி பெட்டியாக ரயிலேறித்தான் கொழும்புக்கு இறங்கியது. கழித்துவிட்ட பெட்டிகள் லயத்துக்கு வரும். அரிசி வைக்க, சாமி படம் வைக்க, பிள்ளைக்குத் தொட்டில் செய்ய என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பலகைதான். நம் வீடுகளின் முதல் அலுமாரி தேயிலைப் பெட்டி என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்தத் தேவைக்காகவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் அரசாங்கம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றை நடத்தத் தொடங்கியது. பிறகு கொஸ்கமவிலும் ஒன்று வந்தது. பலகைக்கு மரம் காட்டிலிருந்துதானே வரவேண்டும்? 1970களில் சிங்கராஜ வனத்துக்குள்ளேயே மெஷின்களைக் கொண்டுபோய் மரம் தறித்தார்கள். நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 1977இல் அந்த வேலை நின்றது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைக் காடாயிற்று. ஒரு பலகையை வீணாக்காமல் அறுப்பது நம் காசுக்கு மட்டுமல்ல, காட்டுக்கும் நல்லது.

வட்டவாளுக்கும் தோட்டத்துக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவில் எட்மண்ட் மிஷெல் என்பவர், கரும்புத் தோட்டத்தில் ஆட்கள் பெரிய கத்தியால் கஷ்டப்பட்டு வெட்டுவதைப் பார்த்து, அந்தக் கத்திக்கு மோட்டார் பூட்டிப் பார்த்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் கையில் பிடிக்கும் மின்சார வட்டவாள். அதுவும் 1924ஆம் ஆண்டு, பதுளைக்கு ரயில் வந்த அதே வருடம்.

பலகையின் உள்ளே என்ன இருக்கிறது?

மரக்கட்டையை உருட்டிக்கொண்டே நீளமான கத்தியால் சீவினால், பாயைச் சுருள் பிரிப்பது போல மெல்லிய ஏடு வரும். அந்த ஏடுகளைப் பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி ஒட்டுகிறார்கள். ஒரு ஏட்டின் நார் நீளவாட்டில் போனால், அடுத்ததன் நார் குறுக்கே போகும். ஏடுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படை: மூன்று, ஐந்து, ஏழு. அதனால் மேல் ஏட்டின் நாரும் கீழ் ஏட்டின் நாரும் ஒரே திசையில் இருக்கும். எட்டடிக்கு நாலடிப் பலகையில் அந்தத் திசை பெரும்பாலும் எட்டடி நீளவாட்டம்.

மேல் ஏடு மிக மெல்லியது. நாரின் வழியே நீளமாக அறுத்தால் அவ்வளவாகக் கிழியாது. நாருக்குக் குறுக்கே, அதாவது நாலடிப் பக்கமாக அறுத்தால்தான் சிராய் எழும்பும். ஆகவே குறுக்கு வெட்டுக்குத்தான் கவனம் அதிகம் தேவை.

பல் எந்தப் பக்கம் போகிறது?

பிளக்கைக் கழற்றிவிட்டு வாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளேட்டின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். பலகையை அறுக்கும் முன்பக்கத்தில் பற்கள் கீழேயிருந்து மேலே போகின்றன என்று அது காட்டும். பல் நுழைவது பலகையின் அடியில், வெளியேறுவது பலகையின் மேலே.

நுழையும் இடத்தில் ஏட்டுக்குப் பின்னால் முழுப் பலகையும் தாங்கி நிற்கிறது. அதனால் சுத்தமாக வெட்டுப்படும். வெளியேறும் இடத்தில் ஏட்டுக்கு மேலே ஒன்றுமில்லை, காற்றுத்தான். பல் அதைத் தூக்கிக் கிழித்துவிடுகிறது. எனவே முதல் விதி: கை வட்டவாளால் அறுக்கும்போது நல்ல பக்கம் கீழே. கோடு போடுவது பின்பக்கத்தில்.

சாதாரணக் கைவாளுக்கு இது மாறும். கைவாள் தள்ளும்போது மேலிருந்து கீழே வெட்டுகிறது. அதனால் அதற்கு நல்ல பக்கம் மேலே இருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். "பல் நுழையுற பக்கம் நல்லா வரும்" என்று ஒரே வரியில் ஞாபகம் வைத்தால் எந்த வாளுக்கும் பொருந்தும்.

பிளேட்டைப் பார்த்து எடுங்கள்

ஏழேகால் அங்குல வாளோடு பெரும்பாலும் 24 பல் பிளேட்தான் வரும். அது சட்டமும் கைமரமும் வேகமாக அறுப்பதற்கு. ஒட்டுப்பலகைக்குக் குறைந்தது 40 பல் வேண்டும், 60 இருந்தால் இன்னும் நல்லது. பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும், இழுத்துக் கிழிக்காது. பல்லின் நுனியில் கடின உலோகத் துண்டு ஒட்டிய பிளேட் நீண்ட நாள் கூர்மையாக இருக்கும். பிசின் ஒட்டிக் கறுத்த பிளேட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துக் காயவிட்ட பிறகே திரும்பப் பூட்டுங்கள்.

பிளேட்டில் அச்சடித்திருக்கும் சுற்று வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடு ஓட்டையும் மெஷினுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரைண்டர் மெஷினில் வாள் பிளேட்டைப் பூட்டிப் பலகை அறுப்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றும். வட்டவாள் அதில் பாதியளவுதான். அந்த வேகத்தில் பல் மரத்தில் கொளுவினால் கிரைண்டர் கையை உதறிக்கொண்டு முகத்துக்கோ தொடைக்கோ வரும். பல்லை மூடும் மூடியும் அதில் கிடையாது.

அளவில் வாள் தின்னும் நூல்

எட்டடிப் பலகையை நாலு சமதுண்டாக அறுக்க வேண்டும் என்று வைப்போம். ஒன்று மேசைக்கு, மூன்று புத்தகத் தட்டுக்கு. "எட்டை நாலால் பிரிச்சா ரெண்டடி, அவ்வளவுதானே?" என்று 24 அங்குலத்துக்குக் கோடு போட்டால், கடைசித் துண்டு குட்டையாகிவிடும். ஒவ்வொரு வெட்டிலும் பிளேட் தன் தடிப்புக்கு மரத்தைத் தூளாக்குகிறது. அது சுமார் ஒரு நூல்.

கணக்கு இப்படி: எட்டடி என்பது 96 அங்குலம். அங்குலத்துக்கு 8 நூல் என்றால் 768 நூல். நாலு துண்டுக்கு மூன்று வெட்டு, அதில் போவது 3 நூல். துண்டு ஒன்றுக்கு 23 அங்குலம் 7 நூல், அதாவது 191 நூல் வைத்தால், நாலுக்கும் 764. மூன்றைக் கூட்டினால் 767. ஒரு நூல் மிச்சம். நாலு துண்டும் ஒரே அளவு!

எல்லாக் கோட்டையும் முதலிலேயே போட்டுவிட வேண்டாம். ஒன்றை அறுத்துவிட்டு, புது ஓரத்திலிருந்து அடுத்ததை அளந்து போடுங்கள். மூலைமட்டம் வைத்துப் போட்டாலும், அறுத்த துண்டை மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் துண்டு சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பலகையைப் படுக்க வைத்தல்

இரண்டு நாற்காலிக்கு நடுவில் பலகையைத் தொங்கவிட்டு அறுப்பதுதான் அதிகமாகக் காணும் பிழை. பாதி அறுத்ததும் பலகை நடுவில் தொய்கிறது. வெட்டின் வாய் மூடிக்கொண்டு பிளேட்டை இறுக்குகிறது. அப்போது வாள் பின்னால் எகிறி ஆளின் மேல் வரும். எகிறாவிட்டாலும், கடைசியில் துண்டு தன் பாரத்தில் முறிந்து விழுந்து, மூலையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

சமமான தரையில் ஒரே தடிப்புள்ள நாலு சட்டத்தை, வெட்டுப் போகும் திசையிலேயே போடுங்கள். இரண்டு சட்டம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று அங்குலம் தள்ளி. மற்ற இரண்டும் பலகையின் இரு முனைக்கும் கிட்ட. இப்போது அறுத்து முடிந்த பிறகும் இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே படுத்திருக்கும். கீழே இருக்கும் நல்ல பக்கத்தில் கீறல் விழாமல் சட்டத்தின் மேல் பழைய சாக்கை மடித்துப் போடலாம்.

வாளின் ஆழத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். பலகையின் தடிப்புக்குக் கீழே பல் இரண்டு நூல் நீட்டினால் போதும். அரை அங்குலப் பலகைக்கு முழு பிளேட்டையும் இறக்கி அறுத்தால் பல் செங்குத்தாக மேலே வந்து ஏட்டை அதிகமாகத் தூக்கும். வெளியே நீட்டி நிற்கும் பல்லும் கூடும். ஆழம் குறைந்தால் சிராயும் குறையும், ஆபத்தும் குறையும்.

கண்ணை நம்பாதீர்கள், நேர்பலகையை நம்புங்கள்

எவ்வளவு பழகிய கையானாலும் நாலடி தூரம் வாளை நேராக ஓட்ட முடியாது. வாள் கொஞ்சம் திரும்பினாலும் பிளேட்டின் பின்பக்கம் பலகையில் உரசி, ஓரத்தைக் கறுக்க வைக்கும். ஆகவே நேரான ஒரு பலகையை இரண்டு கிளாம்பால் இறுக்கி, வாளின் அடித்தகட்டை அதன் ஓரத்தில் அணைத்து ஓட்டுங்கள்.

நேர்பலகையைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? ஒரு கழிவுத் துண்டில் நேர்பலகையை இறுக்கி ஒருமுறை அறுத்துப் பாருங்கள். நேர்பலகையிலிருந்து வெட்டின் ஓரம் வரை அளந்து, அந்த அளவை மெஷின் மேலேயே பேனையால் எழுதி வையுங்கள். பிளேட் மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு அடி அகலம், ஐந்தடி நீளத்தில் கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்று எடுங்கள். அதன் மேல் ஒரு நேரான சட்டத்தைப் பசையும் சின்ன ஆணியும் போட்டு நீளவாட்டில் பொருத்துங்கள். வாளின் அடித்தகடு படுக்கும் அளவுக்குச் சட்டத்தின் ஒரு பக்கம் இடம் விட வேண்டும். பசை காய்ந்ததும் வாளைச் சட்டத்தோடு அணைத்து, அடியிலிருக்கும் பலகையை ஒருமுறை அறுத்துவிடுங்கள். மிச்சம் நிற்கும் ஓரம்தான் உங்கள் வாள் போகும் சரியான இடம். இனி அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் வைத்து இறுக்கினால் போதும், கணக்கே வேண்டாம். அதோடு, பல் மேலே வரும் இடத்தில் இந்த ஓரம் ஏட்டை அழுத்திப் பிடிப்பதால், நல்ல துண்டின் மேல்பக்கமும் சிராயாது. இரண்டு பக்கமும் தெரியும் கதவு போன்ற வேலைக்கு இதுதான் வழி. இந்தப் பலகையின் தடிப்பையும் சேர்த்து ஆழம் வைக்க மறக்க வேண்டாம்.

இது கைவசம் இல்லாவிட்டால், கூரான கத்தியை நேர்பலகையோரமாக வைத்து, கோட்டின் மேல் இரண்டு மூன்று தடவை அழுத்திக் கீறுங்கள். மேல் ஏடு முதலிலேயே அறுந்துவிடும். வாள் அந்தக் கீறலைத் தொட்டுக்கொண்டு கழிவுப் பக்கமாகப் போனால், சிராய் கீறலைத் தாண்டி வராது. கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுவதும் ஓரளவு உதவும்.

அறுக்கும் நேரம்

மெஷினை முதலில் போட்டு, முழு வேகம் வந்த பிறகுதான் பலகையைத் தொட வேண்டும். இரண்டு கையும் மெஷினில். தள்ளிக்கொண்டு ஓடவும் வேண்டாம், நின்று யோசிக்கவும் வேண்டாம். கொழுந்து எடுக்கும் கை போல ஒரே சீராகப் போக வேண்டும். மோட்டாரின் சத்தம் கனத்தால் அவசரப்படுகிறீர்கள். புகை மணத்தால் மெதுவாகப் போகிறீர்கள், அல்லது பிளேட் மொட்டை.

முடிந்ததும் சுவிட்சை விட்டுவிட்டு, பிளேட் நின்ற பிறகே தூக்குங்கள். நடுவில் வாள் இறுகினால் பின்னுக்கு இழுக்க வேண்டாம். சுவிட்சை விடுங்கள், நிற்கட்டும், பிறகு பார்க்கலாம். ஆள் நிற்பது வாளுக்கு நேர் பின்னால் அல்ல, ஒரு பக்கமாக.

அறுத்த ஓரத்தைச் சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்த்து, அன்றைக்கே பெயிண்டோ வார்னிஷோ பூசுங்கள். பலகையின் முகத்தைவிட ஓரம்தான் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும்.

விரலுக்குச் சில விதிகள்

கீழ் மூடி தானாக மூடிக்கொள்ள வேண்டும். "தொந்தரவா இருக்கு" என்று அதைக் கம்பியால் கட்டி வைப்பது, தொட்டிலில் பாம்பை விடுவது போல. பிளேட் மாற்றும்போதும் ஆழம் வைக்கும்போதும் பிளக் கழற்றியிருக்க வேண்டும். தளர்ந்த சட்டை, தாவணி, கையுறை வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் போடுங்கள். ஒட்டுப்பலகைத் தூளில் பசையும் கலந்திருக்கிறது. ஈரத் தரையில் நின்று அறுக்க வேண்டாம். லயத்துக்கு வெளியே வயர் இழுக்கும்போது, டிரிப் சுவிட்ச் உள்ள லைனிலிருந்து மட்டும் எடுங்கள். அந்தச் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் வாளை உயரத்தில் வையுங்கள்.

வெட்டுப்பட்டுவிட்டால் காப்பித்தூளோ தேயிலையோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். விரல் துண்டாகிவிட்டால், அதை ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக்கூடாது. நேரம் போகாமல் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு.

முடிவாக

பாடத்தைத் திரும்பிப் பாருங்கள். பலகையைத் தாங்க வைப்பது, ஆழத்தைக் குறைப்பது, கூரான பிளேட், நேர்பலகை, அவசரமில்லாத கை. இவை எல்லாம் ஓரத்தைச் சுத்தமாக்குவதற்குச் சொன்னவை. இவையேதான் விரலையும் காப்பாற்றுகின்றன. சுத்தமான வெட்டும் ஆபத்தில்லாத வெட்டும் வேறு வேறல்ல.

இந்த வேலை ஏற்கெனவே கைவந்த தம்பி தங்கையர், அனுபவத்தைக் காட்டியே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். நைட்டாவிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்திலோ விசாரித்துப் பாருங்கள். கையில் தொழிலும் கடதாசியும் சேர்ந்திருந்தால் கேட்கும் கூலியும் வேறாக இருக்கும்.

என் மகளின் மேசை இன்னும் வீட்டில் இருக்கிறது. முதலில் அறுத்த அந்த எலி கடித்த துண்டையும் நான் வீசவில்லை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கீழ்த் தட்டாகப் போட்டிருக்கிறேன். யாராவது வாள் பிடிக்கப் பழக வந்தால், முதலில் அதை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.